கடைசிப் பக்கத்தில் மூன்று வரி

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவளை எல்லோரும் காதம்மா என்றுதான் சொல்வார்கள். முதலில் மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஒருவன் வாய் தவறி நேரிலேயே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் "என்னப்பா?" என்று சாதாரணமாகத் திரும்பிப் பார்க்கவும், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. காதைப் பற்றியே படித்து, காதைப் பற்றியே பாடம் நடத்தி, சின்னப் பிள்ளைகளின் காதுக்குள் எட்டிப் பார்த்தே தலை நரைத்தவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்?

அவளுடைய ஆய்வுக்கூடம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. அதற்குள் ஒலி புகாத ஓர் அறை. சுவர், கூரை எங்கும் சாம்பல் நிறப் பஞ்சு. குளிர்பதனக் கிடங்கின் கதவு போலக் கனமான கதவு. அதைச் சாத்தினால் வெளியுலகம் இல்லை. நம் ரத்தம் ஓடும் சத்தம் நமக்கே கேட்கும். புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச நேரத்திலேயே "போதும், திறங்க" என்பார்கள். அவளுக்கு அது பழகிவிட்டது. வீட்டிலும் ஏறக்குறைய அதே கதைதான். கல்யாணம் நடந்து, நிலைக்காமல் போய், அந்தப் பேச்சையே உறவுக்காரர்கள் விட்டுவிட்ட அளவுக்கு நாளாகிவிட்டது. சொந்தம் என்று சொல்ல ஒரே தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய பெண் பாப்பா. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. மற்ற நாட்களில் ரேடியோவைப் போட்டுவிட்டுச் சாப்பிடுவாள்.

கருவிகள் எல்லாம் பழசாகி, ஒன்றைத் தட்டினால்தான் ஒன்று வேலை செய்யும் என்ற நிலைமை வந்தபோது, துறைத்தலைவர் ஒரு கம்பெனியைக் கூட்டிவந்தார். சிறு பிள்ளைகளுக்கென்றே ஹெட்ஃபோன் செய்கிற கம்பெனி. வகுப்பும் பாட்டும் விளையாட்டும் எல்லாமே திரையில் என்றாகிவிட்ட காலம். பிள்ளைகள் நாள் முழுக்க அதை மாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அது காதைக் கெடுக்குமா, கெடுக்காதா என்று பெற்றோருக்குக் கவலை. 'எங்கள் ஹெட்ஃபோனில் சத்தம் ஓர் எல்லையைத் தாண்டவே தாண்டாது' என்பது கம்பெனியின் விளம்பரம். அதைச் சோதித்துச் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தையே புதுப்பித்துத் தருவதாகச் சொன்னார்கள்.

கம்பெனியின் சார்பில் வந்தவரைக் காதம்மா மனசுக்குள் சென்ட்டுக்காரர் என்று அழைத்தாள். அவர் வருவதற்கு முன்பே அவர் வாசனை மாடிப்படி இறங்கி வந்துவிடும்.

"எங்களுக்கு உண்மைதான் மேடம் வேணும். கெடுதல்னா கெடுதல்னே எழுதுங்க" என்றார் அவர்.

அவள் அதை நம்பினாள். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் தெரியவில்லை. பணம் மட்டும் கம்பெனியின் பெயரில் வரவில்லை. ஓர் அறக்கட்டளையின் பெயரில் வந்தது. "கணக்குக்குச் சௌகரியம்" என்றார் துறைத்தலைவர். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. புதுக் கருவிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று, உலோகத்தில் செய்த மனிதத் தலை. இரண்டு பக்கமும் ரப்பர்க் காதுகள்; காதுக்குள் மைக். ஹெட்ஃபோனை அதன் தலையில் மாட்டினால், ஒரு மனிதக் காதுக்குள் எவ்வளவு சத்தம் போகும் என்று சொல்லிவிடும். மாணவர்கள் அதற்கு மொட்டை மாமா என்று பெயர் வைத்துக் காலையில் வணக்கமும் சொன்னார்கள்.

ஒருநாள் டீ குடிக்கும்போது சென்ட்டுக்காரர் வீட்டைப் பற்றி விசாரித்தார். "ஒரே தம்பி. அவன் வேலை பார்த்த கடையை மூடிட்டாங்க. சும்மா இருக்கான்" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தாள். அடுத்த வாரமே தம்பி போனில் கத்தினான்: "அக்கா, வேலை கிடைச்சிருச்சு! எங்கேன்னு சொல்லு பார்க்கலாம்?"

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு மூலையில் மட்டும் செருப்புக்குள் மணல் போல ஏதோ உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை போனபோது, தம்பி மனைவி என்றைக்கும் இல்லாதபடி சிரித்த முகமாக இருந்தாள். பாப்பாவின் தலையில், கம்பெனி ஊழியர்களுக்குத் தள்ளுபடியில் கிடைக்கும் மஞ்சள் நிற ஹெட்ஃபோன். உறுத்தலை அவள் வாய் திறந்து சொல்லவில்லை.

ஆராய்ச்சி ஒழுங்காகவே நடந்தது. கம்பெனி அனுப்பிய ஹெட்ஃபோன்களை மொட்டை மாமாவின் தலையில் மாட்டிப் பார்த்தார்கள். விளம்பரத்தில் சொன்ன எல்லையைச் சத்தம் தாண்டவில்லை. அவற்றையே பிள்ளைகளுக்குக் கொடுத்து, பல மாதம் பயன்படுத்தவைத்து, முன்னும் பின்னும் காதைச் சோதித்தார்கள். ஒலி புகாத அறையில் பிள்ளைகள் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, 'பீப்' கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கினார்கள். ஒரு குறையும் இல்லை. நல்ல செய்தி. காதம்மா கட்டுரை எழுதி முடித்தாள்.

ஆய்விதழ்க்காரர்கள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டிருந்தார்கள். பணம் யார் கொடுத்தது? பொருள் யார் கொடுத்தது? உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ இதில் ஏதாவது சம்பந்தம் உண்டா?

அவள் நேராகத் துறைத்தலைவர் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. துறையை இழுத்து மூடாமல் காப்பாற்ற வருஷக்கணக்கில் வாசல் வாசலாக ஏறி இறங்கிய மனிதர்.

"அறக்கட்டளைன்னு போடும்மா. பொய் இல்லையே?"

"அறக்கட்டளைக்குப் பணம் எங்கேயிருந்து வந்துச்சு சார்?"

"அதை அவங்க கேக்கலையே."

"அதைத் தெரிஞ்சுக்கத்தானே சார் கேக்குறாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, குடும்பத்துல யாருக்கும் சம்பந்தம் இல்லைன்னு எழுதிடு."

"என் தம்பி அங்கேதான் வேலை பார்க்கிறான்."

"தம்பியெல்லாமா குடும்பத்துல சேர்த்தி? தனிச் சமையல், தனி வீடு. இப்படியே பார்த்தா ஊர்ல யாரும் ஆராய்ச்சி பண்ண முடியாது." பிறகு குரலைத் தணித்தார். "உன் முடிவு சரியானதுதானே? நேர்மையா பண்ணியிருக்க. அப்புறம் எதுக்கு வலியப் போய் வம்பை விலைக்கு வாங்குற? படிக்கிறவன் முடிவை நம்ப மாட்டான், இந்த வரியைத்தான் பிடிச்சிக்குவான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளைத் தொந்தரவு செய்தது. அன்று மாலை கணினி முன் உட்கார்ந்து, கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுதினாள். அறக்கட்டளை வழியாக வந்த பணம் இன்ன கம்பெனியுடையது. சோதித்த ஹெட்ஃபோன்களை அந்தக் கம்பெனியே அனுப்பியது. கட்டுரையாளரின் தம்பி அங்கே பணிபுரிகிறார். எழுதி முடித்ததும் பெரிய வீரம் செய்த எண்ணமெல்லாம் வரவில்லை. பல் பிடுங்கியதும் நாக்கு அந்த இடத்தையே துழாவுமே, அப்படி இருந்தது.

கட்டுரை வெளியான வாரத்தில் ஒரு பத்திரிகைக்காரர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். 'தம்பி வேலை பார்க்கும் கம்பெனி. அக்கா கொடுத்த நற்சான்று' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அவள் மறைக்காமல் எழுதியதால்தான் அவருக்கே தெரியவந்தது என்பதைப் படித்தவர்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பெற்றோர் சங்கத்துக்காரர்கள் பல்கலைக்கழக வாசலில் வந்து நின்றார்கள். ஒரு தாய் அவளைப் பார்த்து, "எங்க பிள்ளைங்க காதை என்ன விலைக்கு வித்தீங்க?" என்று கேட்டாள். காதம்மாவுக்குப் பதில் நெஞ்சு வரை வந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்தது கோபம் மட்டுமில்லை, பயமும்தான் என்று தெரிந்ததும் அதைச் சொல்லாமலே உள்ளே போனாள்.

நிர்வாகம் பயந்துபோனது. எல்லாத் துறையினரும் தங்களுக்குப் பணம் வரும் வழிகளை எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதோடு அவளுடைய தனிமை முழுமையாயிற்று. யாரும் சண்டைக்கு வரவில்லை. நன்றாகச் சிரித்தார்கள், ஆனால் நின்று பேசவில்லை. மருந்துத் துறையில் இருந்த பழைய தோழி ஒருத்தி மட்டும், லிஃப்ட்டில் தனியாக மாட்டிக்கொண்டபோது, "நீ நல்லவளா இருந்துட்டுப் போ. எங்களை ஏன் சேர்த்து இழுத்துவிட்டே?" என்று கேட்டுவிட்டுத் தன் தளம் வருவதற்கு முன்பே இறங்கிப் போனாள்.

கம்பெனி அடுத்த தவணையை நிறுத்தியது. ஆய்வுக்கூட உதவியாளர்கள் இருவரும் வேறு இடம் தேடிக்கொண்டார்கள். போகும்போது மொட்டை மாமாவிடம் சொல்லிக்கொண்டு போனார்கள். அவளிடம் சொல்ல வார்த்தை வராமல்தான் அப்படிச் செய்தார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

தம்பியை முதலில் விற்பனையிலிருந்து கிடங்குக்கு மாற்றினார்கள். பிறகு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் அக்கா வீட்டுக்கே வந்தான். உட்காரவில்லை.

"என் பேரை ஏன் எழுதினே?"

"பேரை எழுதலடா. தம்பின்னு மட்டும்தான் எழுதினேன்."

"உனக்கு எத்தனை தம்பி இருக்கான்?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா அக்கா? எழுதப்போறேன்னு சொல்லியிருந்தா, நானே வேற வேலை பார்த்துட்டு வெளியே வந்திருப்பேன். உனக்கு உன் மனசு சுத்தமா இருக்கணும். அதுக்குத் துணி துவைக்கிற கல்லா நானு?"

கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவன் வேண்டாம் என்பான், அவன் முகத்தைப் பார்த்தால் தன் கை எழுதாது என்று பயந்துதான் கேட்கவில்லை. அதையாவது சொல்லியிருக்கலாம். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கும்வரை சொல்லத் தோன்றவில்லை. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மற்ற நாட்களைப் போலவே ஆயின. ஒரு வாரம் பழக்கத்தில் பஸ் ஏறி, பாதி வழியில் நினைவு வந்து, இறங்கி நடந்தே திரும்பினாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு பகல் வேளையில் போன் வந்தது. ஜலதோஷத்தில் கரகரத்த பெண் குரல். வேறொரு பல்கலைக்கழகத்தில் இதே துறையில் ஆராய்ச்சி செய்கிறவளாம்.

"மேடம், உங்க கட்டுரையைத் திரும்பச் செஞ்சு பார்க்கிறேன். தப்பா நினைக்கக் கூடாது."

"ஐயோ, இதுல தப்பென்ன. செய்யுங்க." தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. இரண்டு நாளாக யாரிடமும் பேசியிருக்கவில்லை.

"எனக்கு எண்கள் வேற மாதிரி வருது மேடம். சத்தம் எல்லையைத் தாண்டுது. கொஞ்சமில்லை, நிறைய. முதல்ல என் கருவிதான் பழுதுன்னு நினைச்சேன். அப்புறம் உங்க கடைசிப் பக்கத்தைப் படிச்சேன். ஹெட்ஃபோனைக் கம்பெனியே அனுப்பிச்சதுன்னு போட்டிருக்கீங்க. நான் கடையில வாங்கினேன்."

காதம்மா போனை வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கடைத்தெருவில் ஒரு கடையில் ஒன்று, இன்னொரு கடையில் ஒன்று என்று பல இடங்களில் அந்த ஹெட்ஃபோனை வாங்கினாள். "வீட்ல நிறையப் பேரப் பிள்ளைகளாம்மா?" என்று ஒரு கடைக்காரர் விசாரித்தார். "ஒரே ஒரு மொட்டைத் தலைதான்" என்றாள். அவர் சிரித்தார். அவளுக்கும் வெகுநாள் கழித்து ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. தெருவில் இறங்கியதும் போய்விட்டது.

ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து, உலோகத் தலையில் மாட்டி, சத்தத்தை முழுசாக ஏற்றி, திரையைப் பார்த்தாள். எல்லையைத் தாண்டியது. அடுத்தது, அதுவும் தாண்டியது. அலமாரியிலிருந்த, கம்பெனி அனுப்பிய பழையவற்றில் ஒன்றை எடுத்து மாட்டினாள். அது சொன்னபடி அடங்கி நின்றது. வெளியே பார்க்க எல்லாம் ஒரே அச்சு, ஒரே மஞ்சள். தவறாக அவள் எதையும் அளந்திருக்கவில்லை. அளப்பதற்கு அவள் கையில் கொடுத்ததுதான் வேறு.

சென்ட்டுக்காரருக்குப் போன் போட்டாள். "அப்படியா மேடம்? அது வேற பேட்ச்சா இருக்கும். உதிரிபாகம் கொடுக்கிறவங்க பண்ணின தப்பு. விசாரிக்கிறேன்" என்றார் அவர். குரல் மழுமழுவென்று இருந்தது. பிடிகொடுக்கவில்லை. வேண்டுமென்றே செய்தார்களா, அசட்டையில் நேர்ந்ததா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவே இல்லை. அந்த மனிதர் அதற்குப் பிறகு போனை எடுக்கவும் இல்லை.

துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னாள். "கட்டுரையைத் திரும்பப் பெறப்போறேன் சார். நான் சொன்னது தப்புன்னு நானே எழுதப்போறேன்."

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இப்போ உன் பக்கம் யாருமே இருக்க மாட்டாங்க தெரியுமா? அன்னிக்குப் பெற்றோர் திட்டினாங்க. இனிமே கம்பெனியும் திட்டும்."

"இப்போ மட்டும் யார் சார் இருக்காங்க?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பை எழுதுவதற்கு முன்னால் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. தம்பி வீட்டுக்குப் போய் அழைப்பு மணியை அடித்தாள். தம்பி மனைவிதான் திறந்தாள். "வாங்க அண்ணி" என்ற வார்த்தை பாதியிலேயே நின்றது. உள்ளே தம்பி எழுந்து வேறு அறைக்குப் போகப் பார்த்தான்.

"நீ என்கிட்ட பேச வேணாம். பாப்பா அந்த ஹெட்ஃபோனை இன்னும் மாட்டுறாளா, அதை மட்டும் சொல்லு."

அவன் நின்றான். "ஏன்?"

அவள் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். "நான் எத்தனை கடைக்கு இதைப் போட்டேன் தெரியுமா அக்கா? 'என் பொண்ணே இதைத்தான் மாட்டுறா'ன்னு சொல்லிச் சொல்லிப் போட்டேன்."

மறுநாள் காலையில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். காதம்மா அவளை ஒலி புகாத அறையில் உட்காரவைத்தாள். பாப்பா விளையாட்டுப் போல மும்முரமாகப் பொத்தானை அமுக்கினாள். தம்பி வெளியே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தான். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

"ஒண்ணுமில்லடா. நல்லாக் கேக்குது."

அவன் மூச்சு விட்டான். உடனே கோபம் வந்துவிட்டது. "நல்லாக் கேக்குதுன்னா வீட்ல பத்து தடவை கூப்பிட்டாலும் ஏன் திரும்ப மாட்டேங்குறா?"

"அதுக்குக் காது காரணமில்லை. உன் வளர்ப்பு" என்றாள். அறையிலிருந்து வெளியே வந்திருந்த பாப்பா கலகலவென்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. ஆனால் போகும்போது, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டான். வா என்று கூப்பிடவில்லை, கேட்டான்.

அறிவிப்பு வெளியானது. அன்று கொட்டை எழுத்தில் போட்ட பத்திரிகை, இதை உள்பக்கத்தில் ஒரு மூலையில் போட்டது. கம்பெனி அந்த ஹெட்ஃபோன்களைக் கடைகளிலிருந்து சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டது. பெற்றோர் சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. வருவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாலும், சில நாட்கள் வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கத்தான் செய்தாள். ஜலதோஷக் குரல்காரி மட்டும் ஒருமுறை கூப்பிட்டாள். "அந்த ஒரு வரி இல்லாட்டி நான் என் கருவியைக் குறை சொல்லிட்டு விட்டிருப்பேன் மேடம்" என்றாள். இருவரும் கருவிகளைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். அவள் பெயரைக் கேட்க மறந்துபோனது, போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தம்பிக்கு ஒரு மின்சாமான் கடையில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. மாதத்துக்கு ஒருமுறை பாப்பாவை அனுப்பிவைப்பான். அவன் தெருமுனையிலேயே நின்றுகொள்வான். அவள் ஜன்னலிலிருந்து பார்ப்பாள். அவனும் பார்ப்பான்.

பல்கலைக்கழகம் கடைசியில், எந்த ஆராய்ச்சிக்கு யார் பணம் என்பதை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட ஆரம்பித்தது. யார் சொல்லி ஆரம்பித்தது என்று எங்கும் எழுதவில்லை. அதற்குப் பிறகு காதம்மாவின் அறைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கூட்டமாக இல்லை, ஒவ்வொருவராக, மதிய உணவு நேரத்தில், வராந்தாவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு. முதலில் வந்தவர் உணவுத் துறையின் இளம் விரிவுரையாளர்.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். என் மாமனாருக்கு பிஸ்கட் கம்பெனில பங்கு இருக்கு. அதையும் எழுதணுமா?"

"உங்க ஆராய்ச்சி எதுல?"

"பிஸ்கட்ல" என்றார் அவர், அழாக்குறையாக.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "உட்காருங்க. முதல்ல மாமனார்கிட்ட சொல்லிட்டீங்களா? இல்லைன்னா இன்னிக்கே போய்ச் சொல்லுங்க. அப்புறமா எழுதுங்க. அந்த வரிசை முக்கியம்."

அவர் கேட்டதையெல்லாம் தாளில் எழுதிக் காட்டினாள். அவர் நன்றி சொன்னார், இரண்டு முறை. எழுந்து போகும்போது, வராந்தாவின் அந்தக் கோடியில் தன் துறை ஆட்கள் யாரோ பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்கவும், சட்டென்று எதிர்ப்பக்கமாகத் திரும்பி, படிக்கட்டில் வேகமாக ஏறிப் போனார்.